மாட்டு வலையால் போன கோல்

1

நேற்று எங்கள் கல்லூரி ஆறுக்குப் பூச்சியம் என்று தோற்றது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் பதற வேண்டாம். தோற்றது உங்கள் பக்கத்தில் இருக்கிற கல்லூரி அல்ல, அதன் ரொறன்ரோப் பழைய மாணவர்கள். அணித்தலைவருக்கு நாற்பத்தொரு வயது. நடுவில் நின்றவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கோல் காத்தவர் நாலாவது கோலுக்குப் பிறகு குனிந்து பந்தை எடுப்பதையும் விட்டுவிட்டார். எதிரணியே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டது. எங்களை வென்றவர்கள் ஒரு வவுனியாக் கல்லூரிக்காரர். அதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. என் துக்கமெல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

வருகிற ஞாயிறு கடற்கரைக் கல்லூரியோடு ஆட்டம். இரண்டு கல்லூரிகளின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. ஒரு சங்கத்தில் நான் உறுப்பினர், மற்றதில் மருமகன், இரண்டிலும் எனக்குச் சோறு உண்டு. எங்களுடையது தர்மபுரத்துப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் இருப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்தவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தோம். மற்றது முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் கத்தோலிக்க வேதக்காரர், அங்கே படித்தார்கள். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு எங்கள் நெல் போகும், எங்களுக்கு அவர்களுடைய மீன் வரும். ஆண்டில் ஒரு நாள் மட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம்.

நான் ஆடுகிறவன் அல்ல. பந்து என் காலுக்கு வந்தால் அது எதிரணிக்குத்தான் நல்லது என்பதை எங்கள் விளையாட்டு மாஸ்டர் எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். எனக்குக் கத்தத் தெரியும். அதோடு, தோற்ற மறுநாளே அடுத்த ஆட்டத்தில் வெல்லப் போகிறோம் என்று நம்பத் தெரியும். ரசிகன் என்பவனுக்கு இந்த இரண்டும் போதும். இன்று காலை ரொட்டித் தொழிற்சாலையில் பாண்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, ஆறுக்குப் பூச்சியம் எப்படி எங்களுக்கு நல்லது என்று யோசித்தேன். முதலாவது, கடற்கரைக்காரர் இனி எங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், பயிற்சிக்கும் வர மாட்டார்கள். இரண்டாவது, எங்கள் கோல்காப்பாளர் நேற்றுக் குனியாமல் நின்றதால் இடுப்பு நல்ல நிலையில் இருக்கிறது. மூன்றாவது காரணத்தை யோசிக்கும்போது ஒரு பெட்டியில் இரண்டு பாண் கூடிவிட்டது.

2

என் மனைவி மெற்றில்டா கடற்கரைக் கல்லூரிக்காரி. அவளுடைய தகப்பன் சம்மாட்டி. சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு விட்டவர். அவளுடைய தமையன் யூட்தான் இங்கே கடற்கரைச் சங்கத்தின் செயலாளர். தொண்ணூறாம் ஆண்டு அவர்களுக்குக் கோல் காத்தவனும் அவன்தான், இன்றைக்கும் காக்கிறவன் அவன்தான். நேற்று நாங்கள் தோற்று வீட்டுக்கு வந்தபோது, மெற்றில்டா குசினியில் கரண்டியால் பானையை ஆறு தரம் தட்டினாள். ஏன் என்று கேட்டேன். பருப்பு அடிப்பிடிக்கிறதாம்.

அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது எங்கள் மகள் ஷெரினால் வந்தது. அவளுக்கு ஏழு வயது. பெரியவர்களின் ஆட்டத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் உண்டு. தகப்பன் அல்லது தாய் படித்த கல்லூரிக்குப் பிள்ளை ஆடலாம். மகளுக்கு எங்கள் மஞ்சள் சட்டை வாங்கி அலுமாரியில் மடித்து வைத்திருந்தேன். நேற்று இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள்:

“அப்பா, நான் அம்மாட ரீம். உங்கட ரீம் எப்பவும் லூஸ் பண்ணுது.”

கல்லூரி என்பது தாய் தகப்பன் மாதிரி, வென்றால் என்ன தோற்றால் என்ன மாற்ற முடியாது என்று விளக்கினேன். அம்மாவும் அப்படித்தானே என்று கேட்டாள். பிள்ளைகள் எங்கள் கையை விட்டுப் போகிறார்கள் என்று இங்கே இருக்கிற தமிழ்ப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் முறைப்பாடு வைப்பதுண்டு. என் மகள் கனடாப் பக்கம் போயிருந்தால்கூட மனதைத் தேற்றியிருப்பேன். அவள் முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டாள்.

3

செவ்வாய்க்கிழமை சிவத்தின் கடிதம் வந்தது. சிவநேசன் என் வகுப்புத் தோழன், இப்போது அக்கராயனில் குத்தகைக்கு வயல் செய்கிறான். வன்னியிலிருந்து நேரே கடிதம் வராது. யாரோ ஒருவர் கையில் கொடுத்து, அவர் வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்து, அங்கே தபாலில் சேர்த்து, நாலு மாதம் கழித்து என் கைக்கு வந்திருக்கிறது. கொப்பித் தாளில் நெருக்கி எழுதியிருந்தான். மழை, நெல் விலை, மலேரியா எல்லாம் எழுதி, கடைசியில் இப்படி முடித்திருந்தான்:

“இந்த வருசமாவது மெற்றில்டா உண்மையைச் சொல்லிப்போட்டாவோ? நான் கோல் அடிச்சனான் எண்டால் என்ர மகன் நம்புறான் இல்லை மச்சான். கோல் அடிச்ச கால் போட்டுது. கோலாவது எழுத்தில இருக்கட்டும்.”

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது விழுந்த பீரங்கிச் செல்லில் சிவத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இதை அவன் எனக்கு ஒரு வரியில்தான் எழுதினான். கோலைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறான்.

இந்த முறை அவன் கேட்டதற்கு ஒரு வழியும் இருந்தது. இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம். அதில் எங்கள் ஆண்டுப் போட்டிகளின் முடிவுகள் எல்லாம் வரும். எங்கள் பக்கம் நானும் அவர்கள் பக்கம் யூட்டும் கையெழுத்து வைத்தால்தான் அச்சுக்குப் போகும். மற்ற எல்லா வருடத்துக்கும் வைத்துவிட்டோம். தொண்ணூறாம் ஆண்டுக்கு மட்டும் வைக்கவில்லை. அவன் கடற்கரை ஒன்று, நாங்கள் பூச்சியம் என்கிறான். நான் ஒன்றுக்கு ஒன்று என்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சிவத்தின் கடிதத்தைத் தொலைபேசியில் யூட்டுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சொன்னான்:

“சிவத்துக்காக மனம் நோகுது மச்சான். ஆனா நான் பந்து போனதைக் காணவே இல்லை. நடுவர் மாஸ்டர் கோல் கிக் குடுத்தவர். சாட்சி இருந்தாக் கொண்டு வாரும், எழுதுவம்.”

சாட்சி இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன் அந்தக் கோலுக்கு நேர் பின்னால் நின்றது, இப்போது என் வீட்டில் பானை தட்டுகிறது. கேட்டால் ஒரே பதில்தான். அந்த நேரம் பார்த்துத் தலைப்பின்னல் அவிழ்ந்துவிட்டதாம், அதைப் பின்னிக்கொண்டு நின்றாளாம், பார்க்கவில்லையாம்.

4

தொண்ணூறாம் ஆண்டு, இந்திய இராணுவம் போய் அடுத்த சண்டை தொடங்குவதற்கு முன்னால் எங்களுக்குக் கொஞ்ச வாரங்கள் கிடைத்தன. அந்த இடைவெளியில் ஆண்டுப் போட்டியை நடத்திவிட வேண்டும் என்று இரண்டு கல்லூரிகளும் அவசரப்பட்டன. அந்த முறையும், முந்தின வாரம் நாங்கள் வவுனியாவில் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றுத்தான் இருந்தோம். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை வேலையில்லாமல் திரிந்தேன். ஆகவே நம்புவதற்கு எனக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது.

எங்கள் மைதானத்தில் பாலைமரக் கம்பங்கள் நல்ல உறுதியாக நின்றன, வலைதான் இல்லை. வலை இல்லாத கோலில் விளையாடுகிற காட்டார் என்று கடற்கரைக்காரர் சொல்லுவார்கள். இந்த முறை வலை கட்டியே தீருவது என்று மாஸ்டர் முடிவெடுத்தார். அதைக் கொண்டுவர நான் முன்வந்தேன். சைக்கிளில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, புதுக்குடியிருப்பைத் தாண்டிக் கரைக்குப் போய், வலை அதிகம் உள்ள வீடு எது என்று விசாரித்தேன். சம்மாட்டி வீட்டைக் காட்டினார்கள். சம்மாட்டி கடலுக்குப் போயிருந்தார். மகள்தான் வெளியே வந்தாள். எதுக்கு வலை என்று கேட்டாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கோலுக்கு என்று சொன்னால் எங்களிடம் வலை இல்லாத கதை ஊர் முழுக்கப் பரவும். எதிரியிடமே கடன் கேட்க வந்ததாகவும் போகும். ஆகவே தோட்டத்துக்குள் மாடு வருகிறது, சுற்றிக் கட்டப் போகிறோம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், இரண்டு துண்டு வலையைத் தூக்கிவந்து கரியரில் கட்டிவிட்டாள்.

“இது நல்லம். ஒரு மாடும் வராது,” என்றாள்.

அது திருக்கை பிடிக்கிற வலை. கண்ணி ஒவ்வொன்றும் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. கடலுக்குப் போகிற வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரியும். வயலுக்குப் போகிற வீட்டில் இருபது வயது ஆளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு வலை என்றால் வலை. வழி முழுக்க நாய்கள் மணம் பிடித்துப் பின்னால் ஓடிவந்தன. வெள்ளிக்கிழமை விரதத்தோடு இருந்த அம்மா சைக்கிளைப் படலைக்கு வெளியே நிற்பாட்டச் சொன்னா. மறுநாள் காலை வலை கட்டிய கோலுக்கு முன்னால் நின்று எங்கள் அணி படம் பிடித்துக்கொண்டது. அதிபர்கூட ஒருதரம் கையால் தொட்டுப் பார்த்தார். பந்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடற்கரைக்காரர் இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நடுவர் நெடுங்கேணியிலிருந்து வந்த ஒரு மாஸ்டர். பக்கச்சார்பு இல்லாதவர், பார்வையும் அவ்வளவு இல்லாதவர். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். அது உருண்டு போய் வலையின் அடியில் கிடந்தது, எல்லோரும் கண்டார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பந்து சிவத்திடம் வந்தது. அவன் பின்வரிசைக்காரன். வாழ்க்கையில் கோல் அடித்தவன் அல்ல, அடிப்பான் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. ஏன் என்று தெரியாமல் ஓடினான், ஓடின வேகத்தில் அடித்தான். பந்து கம்பத்துக்கு உட்பக்கமாக, யூட்டின் கைக்கு மேலால் போய், ஒரு நூலிலும் முட்டாமல் கண்ணிக்குள்ளால் புகுந்து வாய்க்காலில் விழுந்தது. வலை அசையவே இல்லை. யூட் அமைதியாக வாய்க்காலில் இறங்கிப் பந்தை எடுத்து வந்து கோல் கிக்குக்கு வைத்தான். வலை அசையாததால் பந்து வெளியால் போனது என்று நடுவர் தீர்த்துவிட்டார்.

வலையைப் பற்றி விசாரணை நடந்தது. மாட்டுக் கதையை நான் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அன்றிலிருந்து என் பெயர் மாட்டுவலை. அதிபர் என்னை வீதியில் கண்டாலும் அப்படித்தான் கூப்பிட்டார்.

இரவல் வலையைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடு போனேன். மாடு வந்ததோ என்று கேட்டாள். மாடு வரவில்லை, பந்து போய்விட்டது என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சண்டையை முடிக்க நான் இன்னும் ஏழெட்டுத் தரம் கரைக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு உண்மையான சண்டை தொடங்கியது. இரண்டு வீட்டிலும் எங்களைச் சேர்க்கவில்லை, கொழும்பில் பதிவு செய்துகொண்டோம், இங்கே வந்தோம். இவ்வளவுக்கும் காரணம் ஒரு கோல். அந்தக் கோலால் எனக்கு மனைவி கிடைத்தாள், அடித்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சிவத்தின் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

சங்கக் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வலைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எழுத்தில் என் பெயரையே போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை நகரசபையின் பூங்கா அலுவலகத்துக்குப் போனேன். மைதானத்துக்கு எங்களிடம் அனுமதிப் பத்திரம் இருக்கிறது. அதில் கம்பம் உண்டு, வலை இல்லை. வலைக்கு வேறு படிவம் உண்டு, அதைப் பத்து வேலைநாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். வலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டாள். கேட்டால் நான் சும்மா விடுவேனா? எனக்குத் தெரிந்த இங்கிலீசில் தொண்ணூறாம் ஆண்டிலிருந்து தொடங்கினேன். கதையில் மாடு வரும் இடத்தில் அவள் பேனையை எடுத்தாள். பூங்காவுக்கு விலங்குகள் கொண்டுவருவதென்றால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறதாம், எத்தனை மாடு என்று கேட்டாள். மாடு இல்லை என்று நிறுவ எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சனிக்கிழமை மெற்றில்டா தோட்டச் சாமான் கடைக்குப் போய், ஒரு சுருள் கறுப்பு பிளாஸ்ரிக் வலையோடு வந்தாள். மான் வந்து செடியைத் தின்னாமல் இருக்க இங்கே வீட்டைச் சுற்றிக் கட்டுகிற வலை. உறையில் ஏமாந்துபோன ஒரு மானின் படம் இருந்தது. நான் மகளின் பந்தைக் கொண்டுவந்து கண்ணி ஒவ்வொன்றிலும் வைத்து அழுத்திப் பார்த்தேன்.

“கண்ணி சின்னன். பயப்பிடாதேங்கோ. இந்த முறை மானும் வராது, பந்தும் போகாது,” என்றாள்.

நாளைக்கு வென்றுவிடுவோம் என்றே எனக்குப் படுகிறது. எட்டாவது காரணமும் கிடைத்துவிட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இதை எழுதுகிறேன். தொண்டை கட்டியிருக்கிறது, எழுதத்தான் முடியும்.

இரண்டு கோலுக்கும் வலையை மெற்றில்டாவே கட்டினாள். நாங்கள் ஆறு பேர் ஒரு முடிச்சோடு போராடிக்கொண்டு நிற்க, அவள் மற்றக் கோலை முடித்துவிட்டு வந்தாள். சின்னவர்களின் ஆட்டத்தில் ஷெரின் கடற்கரைக்காரரின் நீலச் சட்டையோடு ஓடி எங்களுக்கு எதிராக ஒரு கோல் அடித்தாள். நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பெரியவர்களின் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கினோம். என் எட்டுக் காரணங்களில் ஏழு போய்விட்டது. இரண்டாம் பாதியில் எங்கள் அணித்தலைவர், நாற்பத்தொரு வயதுக்காரர், வாழ்க்கையில் இனி அடிக்கப் போவதில்லை என்பதுபோல் ஒரு அடி அடித்தார். பந்து கோலுக்குள் போய், மான் வலையைக் கிழித்துக்கொண்டு, அப்பால் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. யூட் உடனே கையைத் தூக்கினான். பந்து வெளியால் போய் வலையின் பக்கத்தைக் கிழித்ததாம். நடுவராக வந்த இளைஞனுக்குத் தமிழும் தெரியாது, எங்கள் சரித்திரமும் தெரியாது. பாவம், அவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோலுக்குப் பின்னால் மெற்றில்டாவும் ஷெரினும் நின்றார்கள். ஷெரின், நீலச் சட்டையைக் கழற்றாமலே, மைதானத்துக்குள் வந்தாள்.

“மாமா, அது கோல். நான் பாத்தனான்.” பிறகு திரும்பினாள். “அம்மா, நீங்களும் பாத்தனீங்கள்தானே?”

பொய் சொல்லக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு இரவும் செபத்துக்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது மெற்றில்டாதான். அவள் தமையனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கை தானாகத் தலைப்பின்னலுக்குப் போய், பாதியில் நின்றது.

“ஓமண்ணா. அது கோல்,” என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, “தொண்ணூறில சிவம் அடிச்சதும் கோல். கண்ணிக்குள்ளால வந்தது. நான் கண்டனான்.”

இறைச்சி சுடுகிறவர்கள்கூட எங்களைப் பார்த்தார்கள். நான் மெதுவாகக் கேட்டேன், அப்படியென்றால் வலை கோலுக்கு என்பது உமக்கு முதலே தெரியுமோ என்று.

“சைக்கிளில மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு வந்து மாட்டுக்கெண்டு சொன்னா, எந்த மாடு நம்பும்?”

இரண்டு சங்கமும் ஒன்றாகச் சிரித்தது இந்த ஒரு முறைதான். கோலைத் தந்தார்கள். நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும், காரின் மேல் நினைவு மலரின் தாளை விரித்து யூட்டிடம் நீட்டினேன். ஒரு நிபந்தனை வைத்தான். வலை உபயம் மெற்றில்டா என்று கீழே போட வேண்டுமாம். சம்மதித்தேன். அவன் பேனையை வாங்கி, தொண்ணூறாம் ஆண்டுக்கு நேரே இருந்ததை வெட்டி, ஒன்றுக்கு ஒன்று என்று எழுதினான். கோல் அடித்தவர் என்ற இடத்தில் சிவநேசன் என்று எழுதிவிட்டு, நிமிராமலே கேட்டான்.

“எந்தக் கால் மச்சான் போனது?”

வலது கால் என்றேன். கையுறையைக் கழற்றிக் காரின் மேல் வைத்தான். பிறகு குனிந்து, கட்டத்துக்கு வெளியே போனாலும் பரவாயில்லை என்று, சிவநேசனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்தான்: வலது காலால்.